அந்த எட்டாவது போர்ட் இன்னும் அடிபடேல்ல: திருகோணமலை கரம் போட்டி ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயாவுக்கும், செயலாளருக்கும், குழுவில இருக்கிற மற்ற எல்லாருக்கும்,

செவ்வாய்க்கிழமை நீங்கள் வட்ஸ்அப்பில விட்ட நோட்டீஸ் எனக்கும் வந்தது. அடுத்த மாசம் திரும்பவும் கரம் போட்டியாம். 20 வயசுக்குக் கீழ பெடியன்மார், பெட்டையள், பிறகு திறந்த பிரிவு, பதிவுக் காசு எவ்வளவு, பரிசு எவ்வளவு, மத்தியானச் சாப்பாடு உண்டா இல்லையா எண்டு எல்லாம் வடிவாப் போட்டிருக்கிறீங்கள். எந்த விதிப்படி விளையாடுறது எண்டு மட்டும் ஒரு வரி இல்ல. கடைசியில தடிச்ச எழுத்தில "நடுவரின் தீர்ப்பே இறுதியானது" எண்டு இருக்கு. அந்த வரியை வாசிச்சிட்டு என்னால சும்மா இருக்க ஏலேல்ல. ஏனெண்டா போன போட்டி அரையிறுதியில எங்கட பிள்ளையிண்ட ஆட்டத்தைக் கடைசி போர்ட், அதாவது கடைசிச் சுற்று, அடிக்க விடாமலே முடிச்சதுக்கு நான் எழுதித் தந்த கடிதத்துக்கு இண்டைக்கு வரைக்கும் பதில் இல்ல, அதுக்குப் பதிலா இந்த வரி வந்திருக்கு எண்டுதான் எனக்கு விளங்குது. அதால இனி எல்லாருக்கும் முன்னாலயே எழுதுறன்.

பாலையூற்றில எங்கட வீட்டு முன்விறாந்தையில பின்னேரத்தில ஏழெட்டுப் பிள்ளையளுக்குக் கரம் பழக்குறன், காசுக்கு இல்ல. 90ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து போய் இருந்த இடத்தில, இருட்டினா வெளியில போக ஏலாத நாளில, அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில ஒரு உடைஞ்ச மூலைப் போர்ட்டில பழகின ஆள் நான். அந்த விளையாட்டு அப்ப எங்களைப் பைத்தியம் பிடிக்காமக் காப்பாத்தினது. அந்த நன்றிக்குத்தான் பழக்குறன். என்னட்ட வாற பிள்ளையளில ஒண்டு கிண்ணியாவில இருந்து வருது, 15 வயசு. 2009இல பாலம் திறந்தபிறகுதானே அங்க இருந்து பிள்ளையள் பின்னேர வகுப்பெண்டு டவுனுக்கு வந்து போகக்கூடியதா இருக்கு, அதுக்கு முதல் ஆத்தைக் கடக்கிற பாதைப் படகு வரும்வரைக்கும் காவல் நிக்கணும். உம்மாவும் மகளும் பஸ்ஸில வந்து இறங்கி, உம்மா எங்கட வீட்டுப் படியில இருந்து தையல் வேலை செய்வா, பிள்ளை உள்ளுக்க விளையாடும்.

அந்தப் பிள்ளையிண்ட வலக்கைச் சுட்டுவிரல் நேரா நீளாது. நாலு வயசில கதவுக்க அம்பிட்டு எலும்பு பிழையாப் பொருந்தினது. அதால அவ முழுக்கப் பெருவிரலாலதான் அடிக்கிறவ. நடுவிரலால பழக்கிப் பாத்தன், சரிவரேல்ல, பெருவிரலில அவவுக்குக் கை அப்பிடிப் படிஞ்சிட்டுது. ஸ்ட்ரைக்கரை, அதாவது காயை அடிக்கிற வட்டை, வைச்சு, நாலு விரலையும் மடக்கி, சுட்டுவிரல் முட்டியில பெருவிரல் நகத்தைக் கொழுவி, மூச்சை ஒருக்கா நிப்பாட்டிச் சுண்டுவா. ஸ்ட்ரைக்கர் வைக்கிற கோட்டுக்குப் பின்னால கிடக்கிற காயை அவ எடுக்கிற மாதிரி எங்கட பக்கத்தில வேற ஆரும் எடுத்து நான் காணேல்ல. சர்வதேச கரம் சம்மேளனத்தின்ட விதியில பெருவிரல் அடி அனுமதிக்கப்பட்டது. எந்த விரலாலயும் அடிக்கலாம், தள்ளப்படாது, சுண்டணும், அவ்வளவுதான். நான் அதை வாசிச்சு உறுதிப்படுத்தின பிறகுதான் அவவைப் போட்டிக்கே கூட்டிக்கொண்டு வந்தனான்.

இனி போன மாசம் அரையிறுதி. உங்களில ரெண்டு பேர் அந்த மண்டபத்தில அப்ப நிண்டனீங்கள், அதால நான் கூட்டிக் குறைச்சுச் சொல்ல ஏலாது.

முதல் கேம் மற்றப் பிள்ளைக்கு. ரெண்டாவது எங்கட பிள்ளைக்கு. காய் அடுக்கி, ஒராள் தன்ட காயெல்லாம் போட்டு முடிக்கிற ஒரு சுற்றுத்தான் ஒரு போர்ட், கன போர்ட் சேந்தது ஒரு கேம். மூண்டாவது கேமில ஆறு போர்ட் முடிய 22க்கு 20, மற்றப் பிள்ளை முன்னுக்கு. ஏழாவது போர்ட்டில மற்றப் பிள்ளை ரெட் எண்ட சிவப்புக் காயைப் போட்டு, அது தன்டதெண்டு உறுதியாக்க அடுத்துப் போடுற கவர் காயும் போட்டுட்டுது, நல்ல அடி, நானே கை தட்டினன். அதுக்குப் பிறகு எங்கட பிள்ளை வரிசையா நாலு காய் இறக்கினவ. கடைசியில அவவுக்கு ஒரு காய், மற்றப் பிள்ளைக்கு ரெண்டு காய். அந்த ஒரு காய் அவவிண்ட கோட்டுக்குப் பின்னால, இடது பொக்கற்றுக்கு ஒரு சாண் தள்ளி, கட்டையோட ஒட்டினாப்போல கிடந்தது. கடல்பக்கக் கதவு திறந்து கிடந்ததால போர்ட் எல்லாம் உப்புக்காத்துப் பட்டுப் பவுடர் பிசுபிசுத்துப்போய் இருந்தது, காய் இழுபடாது. அவ துணியால தன்ட பக்கத்தைத் துடைச்சா, வைச்சா, அடிச்சா. காய் பொக்கற்றுக்க போய் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. போர்ட் முடிஞ்சுது. மற்றப் பிள்ளைக்கு ரெண்டு காய் மிச்சம், மிச்சக் காய் ஒண்டுக்கு ஒரு புள்ளி முடிச்ச ஆளுக்கு, அப்ப 22க்கு 22.

அந்த நேரம் மற்றப் பிள்ளையைப் பழக்குற ஆள் பின்னால இருந்து "அது பெருவிரல், ஃபவுல்" எண்டு குரல் குடுத்தார். நடுவர் போர்ட்டைப் பாக்கேல்ல, அந்த ஆளிண்ட முகத்தைப் பாத்தார். பாத்திட்டு "ஓம், ஃபவுல்" எண்டார்.

ரெண்டு முழு கேமும் ஆறு போர்ட்டும் அந்தப் பிள்ளை அதே நடுவருக்கு முன்னால அதே பெருவிரலாலதான் அடிச்சது. குறைஞ்சது நூறு அடி இருக்கும். ஒருக்காவும் அவர் வாய் திறக்கேல்ல. ஃபவுல் எண்டா முதல் அடியில சொல்லியிருக்கணும், நாங்கள் அப்பவே விதியைக் காட்டியிருப்பம், அல்லது போட்டியில இருந்து விலகியிருப்பம். நூறு அடிக்குப் பிறகு, அதுவும் தோக்கப்போற பக்கத்து ஆள் கத்தினபிறகு ஃபவுல் எண்டா அதுக்கு என்ன பேர் வைக்கிறது எண்டு நீங்களே சொல்லுங்கோ.

விழுந்த காயைத் திருப்பி எடுத்தார், டியூ, அதாவது தண்டம், எண்டு அவ முதல் போட்ட இன்னுமொரு காயையும் நடுவில வைச்சார். இப்ப எங்கட பிள்ளைக்கு ரெண்டு காய். மற்றப் பிள்ளை தன்ட ரெண்டு காயையும் போட்டு முடிச்சுது. சரி, அந்த ஃபவுலை ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொள்ளுவம். அப்பவும் கணக்கு என்ன? மிச்சம் ரெண்டு காய், 22உம் 2உம் 24. ஆனா ஸ்கோர் எழுதின தம்பி 27 எண்டு எழுதினார். எப்பிடியெண்டு கேட்டா, ரெட்டுக்கு 3 சேத்தனாங்கள் எண்டார். 22 புள்ளிக்கு வந்த ஆளுக்குப் பிறகு ரெட்டின்ட 3 புள்ளி சேராது. இது எங்கயோ ஒளிச்சு வைச்ச விதி இல்ல, கரம் பழகத் தொடங்குற பிள்ளைக்கு முதல் கிழமையிலயே சொல்லிக் குடுக்கிறது, 21 வரைக்கும் ரெட் 3, 22க்கு வந்தா ரெட்டுக்கு ஒண்டும் இல்ல. கேம் 25 புள்ளிக்கு அல்லது 8 போர்ட்டுக்கு. அப்ப 24க்கு 20, எட்டாவது போர்ட் அடிக்க வேணும். பெருவிரல் சரியெண்டா 22க்கு 22, அப்பவும் எட்டாவது போர்ட் அடிக்க வேணும். எந்தப் பக்கத்தால கணக்குப் பாத்தாலும் அந்த எட்டாவது போர்ட் இருக்கு. அதை அடிக்க விடேல்ல.

நான் போனில விதியைத் திறந்து மேசைக்குக் கொண்டு போனன். உங்களில ஒருத்தர் போனைப் பாக்காமலே, "அது சர்வதேசம், இங்க எங்கட ரூல்" எண்டு சொன்னார். சரி, உங்கட ரூலைக் காட்டுங்கோ, எழுதினது இருக்கா எண்டு கேட்டன். இல்ல. விளையாட்டுக்கு முதல் ஆருக்காவது சொன்னீங்களா? இல்ல. பிறகு இன்னொருத்தர் எண்ட தோளில கை வைச்சு, "அண்ணை, சின்னப் பிள்ளையளிண்ட விளையாட்டுத்தானே, பெரிய மனசு பண்ணி விடுங்கோ" எண்டார். அவர் நல்ல எண்ணத்திலதான் சொன்னவர், அதில எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா பெரிய மனசு பண்ண வேண்டியது ஏன் எப்பவும் அநியாயம் நடந்த பக்கத்து ஆக்களாவே இருக்கு?

பஸ் ஸ்டாண்டில நிக்கேக்க பிள்ளை அழேல்ல. கன நேரம் கதைக்காம நிண்டிட்டு ஒண்டே ஒண்டு கேட்டது. "சேர், எட்டாவது போர்ட் இருக்குத்தானே?" நான் ஓம் எண்டன். வேற ஒண்டும் சொல்ல எனக்கு வாய் வரேல்ல.

இப்ப அந்த வரிக்கு வாறன். நடுவரின் தீர்ப்பே இறுதியானது. இதை நான் எதிர்க்கேல்ல. கரம் விளையாட்டுக்கு அது கட்டாயம் வேணும். ஸ்ட்ரைக்கர் ரெண்டு கோட்டிலயும் முட்டினதா, அம்புக்குறிக் கோட்டில பட்டதா, சுண்டினதா தள்ளினதா, சட்டைக் கை பட்டுக் காய் அசைஞ்சதா, இதெல்லாம் கண்ணாலதான் தீர்மானிக்கலாம், ஒரு நூல் அளவு வித்தியாசம், ஒரு நொடியில முடிஞ்சிடும், அங்க நடுவர் கண்டது கண்டதுதான், அதுக்கு மேல கதைக்கப்படாது, நான் எண்ட பிள்ளையளுக்கும் அப்பிடித்தான் சொல்லிக் குடுக்கிறனான். ஆனா பெருவிரலால அடிக்கலாமா இல்லையா எண்டது கண்ணால காணுற விசயமா? 22க்கு மேல ரெட் சேருமா எண்டது ஒருத்தற்ற கண்பார்வையில இருக்கிற விசயமா? அது எழுதி இருக்கு. என்ன நடந்தது எண்டு சொல்லுறதுக்கு நடுவருக்கு அதிகாரம் இருக்கு, விதி என்னெண்டு அந்த இடத்தில நிண்டு புதுசா ஆக்குறதுக்கு இல்ல. நீங்கள் ரெண்டையும் ஒண்டாக்கி, ஒரு வரிக்குள்ள போட்டு மூடப் பாக்கிறீங்கள்.

அந்த நடுவர் மற்றப் பிள்ளை விளையாடுற கழகத்தின்ட ஆள் எண்டதையும் நான் சொல்ல வேண்டியிருக்கு. அவர் கெட்ட மனுசன் எண்டு நான் சொல்லேல்ல. ஆக்கள் காணாது, சனிக்கிழமை முழுக்க ஓசியில வந்து நிக்க ஆர் வருவினம், அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனா சொந்தக் கழகத்துப் பிள்ளையிண்ட அரையிறுதியில ஒரு ஆளை நடுவரா நிப்பாட்டுறது அந்த ஆளுக்கே செய்யிற அநியாயம்.

இதை நான் ஏன் இவ்வளவு உறுதியாச் சொல்லுறன் எண்டா நானும் அந்தக் கதிரையில இருந்தனான். 2003, சமாதான காலம். ரோட்டெல்லாம் திறந்து, பொழுதுபட்டபிறகும் ஆக்கள் நடமாடத் தொடங்கி, ஊருக்கு ஊர் போட்டி நடந்தது. எங்கட ஊர்ப் போட்டியில ஃபைனலுக்கு நான் நடுவர். எங்கட ஊர்ப் பெடியனும் மூதூரில இருந்து வந்த ஒரு பெடியனும். கடைசி போர்ட்டில எங்கட பெடியன் பொக்கற் வாயில கிடந்த காயை எடுக்க ஸ்ட்ரைக்கரைச் சுண்டேல்ல, தள்ளினவன். விரல் ஸ்ட்ரைக்கரோட சேந்து ரெண்டு அங்குலம் போனது. நான் கண்டன். மூதூர்ப் பெடியனும் கண்டவன், அவன் தலையை நிமித்தி என்னைப் பாத்தான். சுத்தி நிண்டது முழுக்க எங்கட ஊர்ச் சனம். நான் குனிஞ்சு போர்ட்டில பவுடர் தூவினன். அவன் ஒரு வார்த்தை கேக்கேல்ல. தோத்தான், கை குடுத்தான், லோஞ்சுப் படகுக்கு நேரமாச்செண்டு ஸ்ட்ரைக்கரைத் துணியில சுத்திப் பொக்கற்றுக்க வைச்சுக்கொண்டு போனான். அதுக்குப் பிறகு எங்கட பக்கத்துப் போட்டி ஒண்டுக்கும் அவன் வரேல்ல. இருபது வருசத்துக்கு மேலாச்சு, அந்தப் பார்வை எனக்கு இன்னும் போகேல்ல. அவனை எங்கயாவது கண்டா மன்னிப்புக் கேப்பன். அண்டைக்கு எண்ட கண் சரியா இருந்தது, நான் இருந்த இடம்தான் பிழை. அதே இடத்திலதான் நீங்கள் இண்டைக்கும் ஆக்களைக் கொண்டுபோய் இருத்துறீங்கள்.

நேர்மையா இருக்கிற பிள்ளை என்னத்தை இழக்குது எண்டும் கொஞ்சம் பாருங்கோ. என்னட்ட வாற இன்னொரு பெடியன், பாலையூற்றுப் பிள்ளைதான், பிறந்தநாளுக்கு மாமா வாங்கிக் குடுத்ததெண்டு ஒரு ஸ்ட்ரைக்கர் கொண்டு வந்தான். பளபளவெண்டு, உள்ளுக்க பூ வைச்ச மாதிரி, கையில எடுத்த உடனேயே பாரம் தெரிஞ்சது. ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல இருக்கப்படாது, காய் ஒண்டு ஐந்து, ஐந்தரை கிராம்தான். கடைத்தெருவில தெரிஞ்ச நகைக்கடையில கொண்டுபோய்த் தங்கம் நிறுக்கிற தராசில வைச்சம். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியை மூடிப்போட்டு நம்பர் நிக்குமட்டும் பாத்துக்கொண்டு நிண்டவர், பிள்ளை மூச்சுவிடாம நிண்டவன். 18 கிராமுக்கு மேல காட்டிச்சுது. பிள்ளையிண்ட முகம் செத்துப்போச்சு. அதை வீட்டில வைச்சு விளையாடு, போட்டிக்குக் கொண்டுவராத எண்டன். அவன் கொண்டுவரேல்ல. உங்கட போட்டிக்குப் பழைய தேஞ்ச ஸ்ட்ரைக்கரோட வந்தவன். அவனுக்கு எதிரா விளையாடின பிள்ளை கையில வைச்சிருந்தது அச்சொட்டா அதே பளபளப்பு ஸ்ட்ரைக்கர், அதே கடைச் சாமான். அண்டைக்கு ஒரு ஸ்ட்ரைக்கரையும் ஆரும் நிறுக்கேல்ல, மண்டபத்தில தராசே இல்ல. முதல் சுற்றிலயே அவன் தோத்து வெளியில வந்து, "நீங்கள் சொன்னபடிதானே சேர் நான் செய்தனான்" எண்டு கேட்டான். ஒரு சின்னத் தராசு வாங்க என்ன செலவு? ஒரு கிண்ணத்தின்ட விலையிலயும் குறைவு.

இன்னொரு பக்கமும் இருக்கு. இங்க விட்டுக் குடுக்கிறதால இங்கத்தைப் பிள்ளையளுக்கே வெளியில அடி விழுது. ஸ்ட்ரைக்கர் வைக்கேக்க கோட்டு முனையில இருக்கிற வட்டத்தை முழுசா மூடணும், இல்லாட்டி அதில தொடவே படாது. பாதி மூடினா ஃபவுல். எங்கட பக்கத்தில ஆரும் அதைப் பிடிக்கிறேல்ல, பாதி வட்டத்தில வைச்சுத்தான் எல்லாரும் பழக்கம். ரெண்டு வருசத்துக்கு முதல் என்னட்டப் பழகின பெடியனை வெளி மாவட்டத்துப் போட்டி ஒண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனன். முதல் போர்ட்டிலயே மூண்டு தரம் அதே ஃபவுல். மூண்டாவது தரம் கை நடுங்கத் தொடங்கிட்டுது, பிறகு என்ன விளையாட்டு? அங்க நடுவர் செய்தது சரி. பிழை எண்டது நான் உட்பட இங்க "பரவாயில்ல, விடு" எண்டு பழக்கின எல்லாரிலயும்தான்.

சின்ன விளையாட்டு எண்டு சொல்லுற ஆக்களுக்கும் ஒண்டு சொல்லணும். 1988இல சர்வதேச கரம் சம்மேளனம் தொடங்கினதே சென்னையிலதான். 2012இல கொழும்பில நடந்த உலக சம்பியன்சிப்பில ஆண்களில வெண்டவர் எங்கட நாட்டு நிஷாந்த பெர்னாண்டோ. 2024இல அமெரிக்காவில நடந்த உலகக் கிண்ணத்தில மூண்டு தங்கம் எடுத்தது சென்னைப் பிள்ளை காசிமா, ஆட்டோ ஓட்டுறவரிண்ட மகள். அந்தச் செய்தி வந்த அண்டைக்கு எங்கட கிண்ணியாப் பிள்ளை போனில அந்தப் படத்தைக் கொண்டுவந்து எனக்குக் காட்டி, ஒண்டும் சொல்லாமச் சிரிச்சுது. இந்தப் பிள்ளையளுக்குப் பெரிய மைதானம் தேவையில்ல, சப்பாத்துத் தேவையில்ல, ஒரு பலகையும் நேர்மையான ஒரு ஆளும் இருந்தாக் காணும். பலகையை நாங்கள் எப்பிடியோ தேடி எடுக்கிறம். மற்றது உங்கட கையிலதான் இருக்கு.

எங்கட அம்மம்மா திண்ணையில இருந்து பெட்டையளோட கொக்கான் விளையாடுவா. அஞ்சு கல்லு, நடுவரும் இல்ல கிண்ணமும் இல்ல. ஒரு கல்லை எடுக்கேக்க பக்கத்துக் கல்லு ஒரு துளி அசைஞ்சாலும் ஆட்டம் போச்சு, அசைச்ச ஆளே கல்லை மற்ற ஆளிட்டத் தள்ளிவிட்டிடும். ஒருக்கா நான், அப்ப ஆறேழு வயசு, அசையேல்ல எண்டு அடம்பிடிச்சன். அம்மம்மா சண்டை பிடிக்கேல்ல. கல்லு அஞ்சையும் சீலைத் தலைப்பில முடிஞ்சு இடுப்பில சொருகிக்கொண்டு எழும்பிப் போயிட்டா. மூண்டு நாள் விளையாட்டே இல்ல. நாலாம் நாள் நானாப் போய் அசைஞ்சது எண்டு சொன்னபிறகுதான் முடிச்சை அவிழ்த்தவ. கையால விளையாடுற எந்த விளையாட்டும் அப்பிடித்தான், விதி போனா அதில விளையாட ஒண்டும் மிச்சமில்ல. சித்திரைப் புதுவருசத்துக்குக் கை மடக்குற போட்டி வைக்கேக்கையும் முழங்கை மேசையில இருந்து கிளம்பினா ஊரே சேந்து கத்துதுதானே, அங்க ஆரும் "பெரிய மனசு" கதை கதைக்கிறேல்ல.

இனி நான் கேக்கிறது.

போன போட்டி அரையிறுதியின்ட ஸ்கோர் தாளைத் திரும்ப எடுத்துப் பாருங்கோ. 27 எண்டு எழுதினது பிழை எண்டு எழுத்தில ஒத்துக்கொள்ளுங்கோ. கிண்ணத்தை ஆரிட்டயும் இருந்து திருப்பிப் பறிக்கச் சொல்லி நான் கேக்கேல்ல, வெண்ட பிள்ளையும் குழந்தைதான், அவவில ஒரு பிழையும் இல்ல, அவவிண்ட பேரை இதில ஆரும் இழுக்கப்படாது எண்டும் கேக்கிறன். ஆனா கிண்ணியாப் பிள்ளைக்கு, "உமது அடி விதிப்படி சரியானது, எட்டாவது போர்ட் நடந்திருக்க வேணும்" எண்டு உங்கட கையெழுத்தோட ஒரு கடிதம் வேணும்.

அடுத்த போட்டிக்கு எந்த விதி எண்டு நோட்டீஸிலயே போடுங்கோ. சர்வதேச விதி எண்டா அது முழுக்க, பெருவிரல், ரெட், வட்டம், டியூ எல்லாம் சேத்து. உங்களுக்கெண்டு வேற விதி வைக்க விருப்பமெண்டா வையுங்கோ, அது உங்கட உரிமை, ஆனா தமிழிலயும் சிங்களத்திலயும் ஒரு பக்கத்தில எழுதிப் பதிவு செய்யிற ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலே குடுங்கோ, மண்டபச் சுவரிலயும் ஒட்டுங்கோ. முதல் ஸ்ட்ரைக்கர் சுண்டின பிறகு அதில ஒரு எழுத்தும் மாறப்படாது.

சொந்தக் கழகத்து, சொந்த ஊர்ப் பிள்ளையிண்ட ஆட்டத்துக்கு அந்த ஆளை நடுவரா விடாதீங்கோ. ஆக்கள் காணாட்டி முதல் சுற்றில தோத்த பெரிய பிள்ளையளையே வேற பிரிவுக்கு நடுவராப் போடலாம், அவங்களுக்கும் விதி பாடமாகும். போட்டிக்கு முதல் சனிக்கிழமை நடுவர்மாருக்கு அரைநாள் விதி வகுப்பு ஒண்டு வைக்கிறதெண்டா எங்கட விறாந்தையும் ரெண்டு போர்ட்டும் இருக்கு, நான் ஒரு சதமும் கேக்கமாட்டன். பின்னால நிண்டு பழக்குற ஆக்கள் குரல் குடுத்தா முதல் தரம் எச்சரிக்கை, ரெண்டாந்தரம் மண்டபத்துக்கு வெளியில, அது நானா இருந்தாலும்.

மேசையில ஒரு தராசு. எல்லா ஸ்ட்ரைக்கரும் காலையில நிறுபட்டு, சரியானதில ஒரு ஸ்டிக்கர் ஒட்டப்படணும். கடல்பக்கக் கதவை மூடி, எல்லாப் போர்ட்டும் ஒரே மாதிரிக் காய்ஞ்சு இருக்கோ எண்டு ஒராள் பாக்கணும்.

"நடுவரின் தீர்ப்பே இறுதியானது" எண்ட வரியைத் திருத்துங்கோ. ஆட்டத்தில நடந்தது என்ன எண்டதில நடுவர் சொல்லுறது இறுதி. விதி என்ன எண்டதில பிணக்கு வந்தா ஆட்டத்தை அப்பிடியே நிப்பாட்டி, ஒரு காயையும் அசைக்காம, ரெண்டு கழகத்தையும் சேராத மூண்டு பேர் எழுதின விதியைப் பாத்துப் பத்து நிமிசத்துக்குள்ள சொல்லணும். ஸ்கோர் தாளில ரெண்டு பிள்ளையும் ஒவ்வொரு போர்ட் முடியவும் கையெழுத்து வைக்கணும், அப்பிடி வைச்சிருந்தா அந்த 27 அண்டைக்கே பிடிபட்டிருக்கும்.

பதிவு மூட இன்னும் பன்ரெண்டு நாள் இருக்கு. அதுக்குள்ள பதில் தாங்கோ. விதித் தாள் வந்தா எங்கட ஏழு பிள்ளையளிண்ட பதிவுக் காசையும் நானே கொண்டுவந்து கட்டுவன், கிண்ணியாப் பிள்ளையிண்ட பேர்தான் முதல் பேர். வராட்டி இந்த முறை பாலையூற்றில இருந்து ஒரு பிள்ளையும் வராது, ஏன் வரேல்ல எண்டு கேக்கிற ஒவ்வொரு தாய் தகப்பனுக்கும் இந்தக் கடிதத்தைத்தான் காட்டுவன். எண்ட போன் நம்பர் உங்கட பதிவுப் புத்தகத்தில இருக்கு. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எந்த நாளும் வீட்டில நிப்பன்.

இப்படிக்கு,
பாலையூற்றில கரம் பழக்குற ஒருவன்